கேமிங் லேப்டாப்: ஐ7-ஆ, ரைசன் 7-ஆ? ஒரே 16-ஆ, 8+8-ஆ?

கேள்வி இதுதான். கையில் இருக்கும் காசுக்கு இரண்டு லேப்டாப் கிடைக்கின்றன. முதலாவதில் இன்டெல் கோர் ஐ7-13620எச், 16 ஜிபி டிடிஆர்5-4800 ராம் ஒரே ஸ்டிக்காக, இன்னொரு ஸ்லாட் காலி. இரண்டாவதில் ஏஎம்டி ரைசன் 7 7435எச்எஸ், அதே டிடிஆர்5-4800, ஆனால் 8+8, அதாவது 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. இரண்டிலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் சிப், 144 ஹெர்ட்ஸ் திரை. தினமும் வாலரன்ட், அவ்வப்போது சைபர்பங்க் 2077 என்ற கேம்களை விளையாட வேண்டும். பகலில் கல்லூரிக்குத் தூக்கிப் போக வேண்டும், கோடிங் செய்ய வேண்டும். எதை வாங்குவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலாவதை வாங்குங்கள், கூடவே இன்னொரு 16 ஜிபி ஸ்டிக்குக்கும் காசு ஒதுக்குங்கள். அந்தக் காசு இப்போதைக்கு வராது என்றால் கணக்கு கொஞ்சம் மாறும்; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ப்ராசஸரில் இருந்து தொடங்குவோம். ஐ5, ஐ7, ரைசன் 5, ரைசன் 7 என்பதெல்லாம் பெட்டியில் ஒட்டும் பெயர். வேகத்தைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும். ஓர் உதாரணம் போதும்: ஐ7-1355யு என்பதும் ஐ7தான். அதில் பெரிய கோர்கள் (கோர் என்பது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி) இரண்டே இரண்டு, சின்ன கோர்கள் எட்டு, அடிப்படை மின்சாரம் 15 வாட். ஐ5-13450எச்எக்ஸ் பெயரளவில் ஐ5. ஆனால் பெரிய கோர்கள் ஆறு, சின்ன கோர்கள் நான்கு, அடிப்படை 55 வாட். கேமில் இந்த ஐ5 அந்த ஐ7-ஐ எழுந்திருக்கவே விடாது. கடைசியில் யு என்று இருந்தால் அது ஆபீஸ் லேப்டாப்புக்கான சிப், கேமிங்குக்குத் தொடவே வேண்டாம். எச், எச்எஸ் என்றால் சரி. எச்எக்ஸ் என்றால் டெஸ்க்டாப் சிப்பை லேப்டாப்புக்கு ஏற்றவாறு செய்தது; வேகம் உண்டு, சூடும் உண்டு, சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும்.

இன்டெலில் மொத்தக் கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவது சுலபம். பெரிய கோரை பி-கோர் என்றும் சின்னதை இ-கோர் என்றும் சொல்கிறார்கள். கேமின் முக்கிய வேலை பி-கோரில்தான் ஓடுகிறது. ஐ5-12450எச்-ல் 4 பி, 4 இ. விளம்பரத்தில் "8 கோர்" என்று வரும். உங்கள் ஐ7-13620எச்-ல் 6 பி, 4 இ, ஆக மொத்தம் 10 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). கேமைப் பொறுத்தவரை இதை ஆறு கோர் ப்ராசஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஓடும் டிஸ்கார்ட், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் இ-கோருக்குப் போகும்.

ஏஎம்டி பக்கம் 2023-ல் வந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7435-ல் மூன்றாவது இலக்கம் 3, அதாவது ஏஎம்டி கோர் வடிவமைப்பில் ஜென் 3+ என்ற தலைமுறை. 7840-ல் அது 4, அதாவது ஜென் 4. இரண்டும் ரைசன் 7, இரண்டிலும் 8 கோர், 16 த்ரெட். ஆனால் ஒரு தலைமுறை வித்தியாசம். ஜென் 3+ லேப்டாப்புக்கு வந்தது 2022-ல். உங்கள் இரண்டாவது தேர்வு அந்தக் குடும்பம்தான், உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். 13620எச் 4.9 வரை போகும். இரு கம்பெனிகளின் கிகாஹெர்ட்ஸை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்றாலும், இங்கே ஒரு கிளாக்கில் (ப்ராசஸரின் ஒரு துடிப்பில்) செய்யும் வேலையிலும் இன்டெல்லின் பி-கோர்தான் முன்னால் நிற்கிறது. புதுப் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம்: ரைசன் 7 8845எச்எஸ், ரைசன் 7 260 இரண்டும் ஏறக்குறைய 7840எச்எஸ்-தான். கோர் 7 240எச் என்பது உங்கள் 13620எச்-இன் வம்சம்: அதே 6+4 கோர், அதே 24 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்), கொஞ்சம் கூடுதல் வேகம். சட்டை மட்டும் புதுசு.

கேஷ் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கேமுக்கு அது பெரிய விஷயம். 4.9 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் என்பது 0.2 நானோசெகண்ட். தேவையான தகவல் கேஷில் இல்லாமல் ராம் வரை போய் எடுத்து வர லேப்டாப்பில் ஏறத்தாழ 80 முதல் 100 நானோசெகண்ட் ஆகும். அதாவது நானூறு, ஐந்நூறு கிளாக் அந்தக் கோர் சும்மா கையைக் கட்டி நிற்கும். கேம் எஞ்சின் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களை (ஆள் எங்கே, குண்டு எங்கே, கதவு திறந்திருக்கிறதா) அங்கும் இங்கும் தேடுகிற வேலை என்பதால் இந்தக் காத்திருப்பு அடிக்கடி நடக்கும். 13620எச்-ல் எல்3 கேஷ் (கேஷின் பெரிய, கடைசி அடுக்கு) 24 எம்பி, 7435எச்எஸ்-ல் 16 எம்பி. மேல்தட்டில் ரைசன் 9 7945எச்எக்ஸ் 64 எம்பி வைத்திருக்கிறது. கூடுதல் கேஷை மேலே அடுக்கிய அதன் 3டி பதிப்பில் 128. அது கேமில் விளாசுவதற்குக் காரணம் 16 கோர் என்பதைவிட அந்த 128 எம்பிதான்.

ஒப்பிடும்போது சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையின் மல்டி-கோர் எண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அது வீடியோ ரெண்டரிங் செய்பவருக்கான எண். கேமில் ஒரு முக்கிய த்ரெட் முடிந்தால்தான் மற்றவை நகரும், ஆகவே சிங்கிள்-கோர் எண்தான் கிட்டத்தில் வரும். அதைவிட நல்லது, அதே லேப்டாப் மாடலில் அதே கேமை ஓட்டிக் காட்டும் வீடியோ. அதே மாடல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வாட். 13620எச்-இன் அடிப்படை 45 வாட், உச்சம் 115 வாட். இடையில் எங்கே நிறுத்துவது என்பது லேப்டாப் கம்பெனியின் முடிவு. ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஹீட் பைப்பும் ஃபேனும் பொது என்பதால், கேம் ஓடும்போது கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ள, ப்ராசஸர் பல லேப்டாப்புகளில் 30 முதல் 45 வாட்டுக்கு இறங்கிவிடும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் இன்னும் கொஞ்சம் இறங்கும், ஏனென்றால் ரிவ்யூ வீடியோக்கள் பெரும்பாலும் 25 டிகிரி அறையில் எடுத்தவை. வீடியோவின் மூலையில் "சிபியு பேக்கேஜ் பவர்" என்று ஓடும் எண்ணைக் கவனியுங்கள். இருபது நிமிடம் கழித்து அது எங்கே நிற்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் ப்ராசஸர்.

இதே சாக்கில் கிராபிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா அனுமதிப்பது 35 முதல் 115 வாட் வரை. டைனமிக் பூஸ்ட்டோடு (ப்ராசஸர் பயன்படுத்தாத வாட்டை கிராபிக்ஸுக்குத் திருப்பும் வசதி) சில மாடல்கள் 140 வரை போகும். ஒன்றில் 75 வாட், மற்றதில் 140 வாட் என்றால் கீழே ராம் பற்றி நான் எழுதப்போகும் எதுவும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டிலும் ஒரே வாட் என்று வைத்துக்கொண்டு ராமுக்கு வருவோம். "இரண்டிலும் 16 ஜிபிதானே" என்ற இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

ஒரு டிடிஆர்5 ஸ்டிக் 64 பிட் அகலப் பாதை. 4800 என்பது நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தகவல் போகிறது என்ற எண்; அதை 8 பைட்டால் பெருக்கினால் நொடிக்கு 38.4 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தால் பாதை 128 பிட், நொடிக்கு 76.8 ஜிபி. இதைத்தான் டூயல் சேனல் என்கிறோம். ஒரே 16 ஜிபி ஸ்டிக்கில் கேம் ஓடாமல் போகாது. சராசரி எஃப்பிஎஸ்கூட (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) சில கேம்களில் அவ்வளவாக விழாது. விழுவது "1% லோ" என்கிற எண்: மோசமான ஃபிரேம்கள் எவ்வளவு மோசம் என்பதைச் சொல்வது. 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 6.9 மில்லிசெகண்ட். ஆறேழு பேர் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்ளும் நேரத்தில் ப்ராசஸர் ராமுக்காகக் காத்திருந்தால் அந்த ஒரு ஃபிரேம் 15 மில்லிசெகண்ட் ஆகிவிடும். திரையில் 180 எஃப்பிஎஸ் என்று காட்டும், கைக்கு மட்டும் லேக் தெரியும். "எஃப்பிஎஸ் நல்லா வருது, ஆனா ஸ்டட்டர் ஆகுது" என்று புலம்புவோரில் பலரின் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாகத்தான் இருக்கும்.

வாலரன்ட் போன்ற கேமில் இது அதிகம் தெரியும், ஏனென்றால் அங்கே 4060 பாதித் தூக்கத்தில் இருக்க, சுமை முழுவதும் ப்ராசஸர் மேல். சைபர்பங்க்கை ரே டிரேஸிங்கோடு (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) ஓட்டினால் கிராபிக்ஸ் சிப்தான் மூச்சு வாங்கும். ராம் ஒன்றா இரண்டா என்பது அவ்வளவு தெரியாது. நெரிசலான சந்தைப் பகுதிக்குள் வண்டி ஓட்டும்போது மட்டும் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மக்ஸ் ஸ்விட்ச் (என்விடியா சிப்பைத் திரையோடு நேராக இணைக்கும் ஸ்விட்ச்) இல்லாத லேப்டாப்பில் என்விடியா வரைந்த ஒவ்வொரு ஃபிரேமும் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்குப் போகும். அந்தப் படம் வந்து தங்கும் இடம் உங்கள் ராம். அதாவது ஒரே ஸ்டிக், மக்ஸும் இல்லை என்றால் ஒற்றையடிப் பாதையில் லாரியும் வருகிறது. உங்கள் முதல் லேப்டாப்பில் மக்ஸ் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

இப்போது கடைக்காரர் சொல்லும் ஒரு பொய்க்கு வருவோம். தெரிந்தே சொல்வதில்லை பாவம். ப்ராசஸர், ராம் விவரம் காட்டும் சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து காட்டி, "பாருங்க சார், 2×32 பிட், டூயல் சேனல்தான்" என்பார். டிடிஆர்5-ல் ஒரே ஸ்டிக்குக்குள்ளேயே 32 பிட் துணைச் சேனல் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பழைய 64. ஸ்டிக் இரண்டு இருந்தால் 4×32 பிட் என்று காட்டும். அதே திரையில் டிரேம் ஃப்ரீக்வென்சி 2400 என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை தகவல் போவதால் 2400-ஐ இரண்டால் பெருக்கினால் 4800 சரியாக வரும்.

அப்படியானால் 8+8 இருக்கும் ரைசன்தானே நல்லது? பாதி சரி. 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் கறுப்புச் சிப் நாலே நாலு இருக்கும், லேபிளில் 1ஆர்×16 என்று அச்சாகியிருக்கும். 16 ஜிபி ஸ்டிக்கில் எட்டு சிப், லேபிளில் 1ஆர்×8. ×16 சிப்புக்குள் பேங்க் குரூப் (சிப்புக்குள் தகவல் கொடுக்கும் தனித்தனிப் பகுதி) நான்கு, ×8 சிப்புக்குள் எட்டு. ரேஷன் கடையில் நான்கு கவுன்டர் இருப்பதற்கும் எட்டு இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்: வரிசை ஒன்றானாலும் நகரும் வேகம் வேறு. ஆகவே 8+8 என்பது ஒரே 16-ஐ விட மேல். 16+16-ஐ விடக் கீழ். அளவு மட்டுமல்ல, வேகத்திலும் கீழ்.

8+8-இன் பெரிய தலைவலி பிறகு வரும். ஸ்லாட் இரண்டும் நிறைந்திருப்பதால் 32-க்குப் போக வேண்டுமானால் இரண்டையும் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, இரண்டு புது 16 வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி 8+16 என்று போட்டால் 24 ஜிபி கிடைக்கும். அதில் முதல் 16 டூயல் சேனலாகவும் மீதி 8 ஒற்றையாகவும் ஓடும். மோசமில்லை, ஆனால் எந்த நேரம் எது என்று உங்கள் கையில் இல்லை. ராம் விலை கொள்ளை மலிவாக இருந்த காலத்தில் "அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்வது எளிது. 2025 கடைசியில் இருந்து மெமரி சிப்புகள் ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் போய், ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஒரு ஸ்டிக் வாங்குவதற்கும் இரண்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது உறைக்கும்.

16 ஜிபி போதுமா? சைபர்பங்க்குக்கு 2023-ல் திருத்திய பட்டியலில் குறைந்தபட்சம் 12 ஜிபி, பரிந்துரை 16, ரே டிரேஸிங் ஓவர்டிரைவுக்கு 24. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 பரிந்துரையிலேயே 32 கேட்கிறது. வாலரன்ட்டுக்கு 4 போதும் என்று எழுதியிருக்கும், அது விண்டோஸ் தின்னும் பங்கைக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய எண். விண்டோஸ் 11, பத்துப் பதினைந்து டேப் பிரவுசர், டிஸ்கார்ட் சேர்ந்தாலே 7, 8 ஜிபி போய்விடும். மிச்சத்தில் பெரிய கேம் உட்காரும்போது இடம் போதாமல் எஸ்எஸ்டிக்குத் தள்ளும். நல்ல எஸ்எஸ்டியானாலும் பதில் சொல்லப் பல பத்து மைக்ரோசெகண்ட். ராமை விட நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவு. படம் ஒரு கணம் உறைந்து நகர்வது அதனால்தான். கோடிங்குக்கு டாக்கரோ ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ ஓட்டுவீர்கள் என்றால் 16-ஐ மறந்துவிடுங்கள்.

"மொத்த கிராபிக்ஸ் மெமரி 16 ஜிபி" என்று எங்காவது பார்த்தால் ஏமாறாதீர்கள். 4060-க்குச் சொந்தம் 8 ஜிபி மட்டும், நொடிக்கு 256 ஜிபி வேகம். மீதி 8 உங்கள் ராமில் இருந்து கடன். அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-இன் எட்டு லேன் வழியாக நொடிக்கு 16 ஜிபி அளவில்தான் வரும். டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்து 8 ஜிபி நிரம்பியதும் கேம் தடுமாறினால் ராம் வாங்கி அதைச் சரிசெய்ய முடியாது. டெக்ஸ்சரை ஒரு படி குறையுங்கள்.

எல்பிடிடிஆர்5எக்ஸ் என்ற குறைந்த மின்சார ராம் போட்ட மெல்லிய கேமிங் லேப்டாப்புகளும் உண்டு. 7467 வேகம் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 119 ஜிபி, எண் அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் போர்டிலேயே சோல்டர் செய்தது. வாங்கும் நாளில் உள்ளதுதான் கடைசி வரை. அதில் 16 மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூடுதல் ஸ்டிக் வாங்கும்போது லேப்டாப் அளவு, அதாவது எஸ்ஓ-டிம், டிடிஆர்5, 262 பின், 1.1 வோல்ட், 16 ஜிபி, 1ஆர்×8. டிடிஆர்4 ஸ்டிக் 260 பின், வெட்டு வேறு இடத்தில். அழுத்திப் பார்த்து ஸ்லாட்டை உடைக்காதீர்கள். 5600 வேக ஸ்டிக் சமமான விலையில் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பழைய 4800-உடன் சேர்ந்தால் இரண்டும் 4800-ல்தான் ஓடும். 13620எச்-இன் எல்லையே 5200, 7435எச்எஸ்-இன் எல்லை 4800. எக்ஸ்எம்பி (ராமை வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) என்று எழுதிய விலை உயர்ந்த ராம் இங்கே வீண். அந்த அமைப்பைத் திறந்துவிடும் பயாஸ் சில எச்எக்ஸ் லேப்டாப்புகளில்தான் இருக்கும். அடியைத் திறந்தால் வாரன்டி போகுமா என்று கம்பெனிக்கு மெயில் எழுதி பதிலை வைத்துக்கொள்ளுங்கள். போகும் என்றால் அவர்களின் சர்வீஸ் சென்டரிலேயே போடச் சொல்லுங்கள்.

நீங்களே போடுவதானால்: ஷட் டவுன், சார்ஜரைப் பிடுங்கு, அடி மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ஸ்டிக்கைச் சாய்வாக, தங்க நிறப் பல் முழுவதும் மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரு பக்கக் கொக்கியும் "டக்" என்று பிடிக்கும். தங்கப் பல் ஒரு கோடு அளவு வெளியே தெரிந்தாலும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எல்லாம் மூடி ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே நிற்கும், ஃபேன் மட்டும் சுற்றும். இங்கேதான் பலர் பயந்து பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறார்கள். புது டிடிஆர்5 ராமைப் பார்த்ததும் போர்டு சிக்னலை அளந்து பழகும். மெமரி டிரெய்னிங் என்று பெயர். ஓரிரு நிமிடம், சிலவற்றில் இன்னும் கொஞ்சம் அதிகம். சார்ஜரைச் சொருகிவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் இருங்கள். பிறகு டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி: "ஸ்லாட்ஸ் யூஸ்டு 2 ஆஃப் 2", ஸ்பீடு 4800. 1 என்று காட்டினால் ஸ்டிக்கைக் கழற்றி மீண்டும் போடுங்கள்.

உங்கள் இரண்டு லேப்டாப்புக்கே திரும்புகிறேன். 7435எச்எஸ்-ல் இன்னொரு குறை, ஸ்பெக் ஷீட்டில் கண்ணில் படாதது: அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. படம் நேராக 4060-ல் இருந்தே திரைக்குப் போகும், மக்ஸ் கவலை இல்லை, அது நல்லது. ஆனால் வகுப்பில் பிடிஎஃப் படிக்கும்போதும் 4060 விழித்தே இருக்கும். பேட்டரி கரையும், சார்ஜரைத் தினமும் சுமக்க வேண்டும். 13620எச்-ல் சாதாரண வேலைக்கு 4060 தூங்கிவிடும். கல்லூரிக்கு எடுத்துப் போவேன் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது ஸ்டிக்குக்குக் காசே இல்லை, லேப்டாப் ஹாஸ்டல் மேசையை விட்டு நகராது, ரைசன் விலையும் கணிசமாகக் குறைவு என்றால் 8+8-ஐ எடுங்கள். பெட்டியில் இருந்து எடுத்த நிலையில் வாலரன்ட்டில் இரண்டும் கிட்டத்தட்ட தோளோடு தோள் நிற்கும். இதே விலைக்கு 7840எச்எஸ் அல்லது 8845எச்எஸ் போட்ட 4060 லேப்டாப் கண்ணில் பட்டால், ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தாலும் அதையும் முதலாவதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஜென் 4, உள் கிராபிக்ஸும் உண்டு. எது வந்தாலும் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் டாஸ்க் மேனேஜரில் ஸ்லாட் கணக்கையும், என்விடியா கன்ட்ரோல் பேனல், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் "மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்" எத்தனை வாட் என்பதையும் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். விளம்பரப் பக்கத்தில் போட்ட எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வாரமே திருப்பி அனுப்புங்கள்.